இடது கால் பெடல்

சிங்கப்பூரில் நான் சேர்ந்திருக்கும் சைக்கிள் குழுவில் எல்லோருக்கும் ஒரே வியாதி. கிராம் வியாதி. சைக்கிளில் எதை மாற்றினால் எவ்வளவு எடை குறையும் என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சு கிடையாது. உடம்பில் குறைக்க வேண்டியதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஐம்பதை நெருங்கும் எனக்கும் அது தொற்றிக்கொண்டது. குழு தைவானில் மலையேறப் போகிறது. அதற்கு எடை குறைந்த பெடல் வாங்கக் கிளம்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன்.

இவை காலைப் பூட்டிக்கொள்ளும் பெடல்கள். ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும். பெடலில் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். ஒரு ஜோடி கார்பனில் செய்தது, கையில் எடுத்தால் அப்பளம்தான். அதற்கான வெள்ளை ஷூவின் அடியில் அகலமான பிளாஸ்டிக் கட்டை துருத்திக்கொண்டிருக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் வாத்து நடை. இன்னொன்று இரும்பு, கனம். அதற்கான கறுப்பு ஷூவில் சின்ன இரும்புக் கட்டை, அடங்கி உட்கார்ந்திருப்பதால் நடக்கலாம். மூன்று மாதம் யோசித்தும் முடிவுக்கு வரவில்லை. தை மாதம் ஊருக்குப் போகும்போது இரண்டையும் ஓட்டிப் பார்த்து, ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதை யார் தலையிலாவது கட்டிவிடுவது என்று சைக்கிளோடு விமானம் ஏறினேன்.

மதுரையில் இறங்கியதும் முதல் சிக்கல். சைக்கிள் பெட்டி காருக்குள் நுழையவில்லை. டிரைவர் தம்பி கயிறு வாங்கி வந்து மேலே வைத்துக் கட்டினான்.

“அக்கா, உள்ள என்ன, டிவியா?”

“சைக்கிள்.”

“சைக்கிளா? அங்க இருந்தா?” திருமங்கலம் வரைக்கும் அவன் அதையே யோசித்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாக, “இங்கன எல்லாக் கடையிலயும் கிடைக்குமேக்கா” என்றான், என்னை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்கிற வருத்தத்தோடு.

விருதுநகரில் காரை நிறுத்தச் சொன்னேன். எண்ணெயில் பொரித்த புரோட்டா. கல்லில் சுடுவதில்லை, எண்ணெயில் முக்கி எடுத்து, நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். சிங்கப்பூரில் பரோட்டாவுக்குச் சீனி தொட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமாகியும் அந்தக் காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. சால்னாவின் முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்தது. காரம்தான் என்று டிரைவரிடம் சொன்னேன்.

எங்கள் ஊர் ஆமத்தூர், விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பக்கம். இப்போது என் தம்பி குடும்பம் மட்டும் அங்கே இருக்கிறது. மறுநாள் காலையில் சைக்கிளின் பாகங்களைப் பூட்டி, இரும்புப் பெடலை மாட்டி, கறுப்பு ஷூ போட்டு, தாயில்பட்டிக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் பள்ளித் தோழி மாரீஸ்வரி வேலை பார்க்கிறாள்.

ஊரிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் கால் தானாக மெதுவாகியது. நானும் மாரியும் விருதுநகருக்குப் பள்ளிக்கூடம் போன சாலை. இரண்டு பேருக்கும் ஒரே லேடீஸ் சைக்கிள், என்னுடையது. நான் மிதிப்பேன், அவள் கேரியரில். ஆடி மாதம் சாயங்காலம் திரும்பும்போது எதிர்காற்று முகத்தில் அறையும், சைக்கிள் நகராது. அப்போது மாரி பின்னாலிருந்து காலை நீட்டி, என் பாதத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் பெடலில் தன் பாதத்தை வைத்துச் சேர்ந்து மிதிப்பாள். நாலு கால், இரண்டு பெடல். இந்தப் பக்கத்தில் டபுள்ஸ் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். என் புதுப் பெடலில் இன்னொரு காலுக்கு இடமில்லை. அந்த வளைவில் அதை நினைத்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

வருத்தப்படவும் நேரமில்லை. சிவகாசியைத் தாண்டியதும் சீமைக் கருவேல முள் ஒன்று டயரில் ஏறியது. சிங்கப்பூரில் சைக்கிளுக்கென்றே வழவழவென்று பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே பஞ்சரானால் படம் பிடித்துக் குழுவில் போடுவோம். இங்கே நான் ட்யூப் மாற்றி முடிப்பதற்குள் மூன்று பேர் வண்டியை நிறுத்தி, “பஞ்சரா?” என்று கேட்டுவிட்டு, இல்லையென்று சொல்லிவிடுவேனோ என்று காத்திருந்தார்கள்.

கம்பெனிக்குப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வாசலை நோக்கி நடந்தேன். சரளைக் கல்லில் ஷூவின் இரும்பு உரசி ‘கிரீச்’ என்றது. வாட்ச்மேன் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“யம்மா, அங்கனயே நில்லுங்க. ஒரு எட்டு எடுத்து வைக்காதீக.”

நின்றேன்.

“கால்ல என்ன, இரும்பா?”

“ஆமா அண்ணாச்சி.”

“உடுப்பு?”

“பாலியஸ்டர்.”

மேலும் கீழும் பார்த்தார். “தீப்பெட்டிய மட்டுந்தான் மறந்துட்டு வந்திருக்கீக போல.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் பிறந்து வளர்ந்த பூமி இது. கம்பெனிக்குள் எல்லோரும் வெறுங்கால், பருத்தித் துணி. இரும்பு கல்லில் உரசினால் பொறி, நைலான் துணி உடம்பில் உரசினாலும் பொறி. வீட்டில்கூடச் செருப்பு அறுந்தால், “ஆணி வேண்டாம், தையல் போடுங்க” என்று சொல்லித்தான் எங்கள் அம்மா கொடுத்தனுப்புவாள். சாலைக்குத் திரும்பி, வேப்பமர நிழலில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

மாரி சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தாள். இடது காலை லேசாக இழுத்துத்தான் நடப்பாள். கல்யாணமாகிச் சில வருஷத்தில் வேறொரு இடத்தில் வேலை செய்யும்போது ஒரு அறை தீப்பிடித்து, அந்தக் கால் வெந்துபோயிற்று. தழும்பு இறுகி, பாதம் கொஞ்சம் சுருங்கி, விரல் பக்கம் உணர்ச்சி இல்லாமலே போய்விட்டது. அப்போது நான் சிங்கப்பூரில் இருந்தேன்.

“ஏடி ராஜி, சர்க்கஸ்ல சேந்துட்டியா? என்னடி உடுப்பு இது?”

“சைக்கிள் உடுப்புடி.”

“ஒலக்கைக்கு உறை போட்ட மாதிரி இருக்கு. சரி, வா, சாப்புடு.”

புளிக்குழம்புச் சோறும் வறுத்த மிதுக்கு வத்தலும். அந்த வத்தலின் கசப்பு எந்த நாட்டிலும் கிடைக்காது. பாதி டப்பாவை நானே காலி செய்தேன். அவள் என் ஷூவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, எதற்கு என்று கேட்டாள். பூட்டுவதையும் விடுவதையும் விளக்கினேன்.

மாரி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். “அப்ப, கால் நழுவாதா?”

“நழுவவே நழுவாது.”

“காலுக்கு உணர்ச்சி இல்லாட்டியும்?”

“இல்லாட்டியும்தான்.”

தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் எனக்குச் சொல்லாத கதை அது ஒன்றுதான்.

“ஆஸ்பத்திரியில கெடக்கும்போது, கால எடுக்கணும்னு பேசிக்கிட்டாக. எனக்குக் காதுல விழுந்துருச்சு. கால விட்டுரு ஆத்தா, இருக்கன்குடிக்கு சைக்கிள் மிதிச்சே வந்து ஒனக்கு உரு போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“எல்லாரும் நடந்து வர்றேன்னுதானடி வேண்டுவாக? சைக்கிள எதுக்கு இழுத்த?”

“நடக்குறது அந்நேரம் நெனப்புல வரலடி. நம்ம சைக்கிள்தான் வந்துச்சு. ஆமத்தூர் எதிர்காத்து.”

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இருக்கன்குடி மாரியம்மன் காலை விட்டுவிட்டாள். மாரியால்தான் சொன்னபடி போக முடியவில்லை. பெடலில் வைத்த கால் நழுவுவது அவளுக்கே தெரியாது. நழுவிச் செயினில் போய் மாட்டும், விழுவாள். ஒருமுறை துண்டால் பெடலோடு சேர்த்துக் கட்டிப் பார்த்து, சைக்கிளோடு சேர்ந்தே விழுந்தாள். பஸ்ஸில் வந்து போட்டாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று ஊரே சொல்லியும் அவள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடன் என்றால் வாயிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே செய்ய வேண்டும். ஒரு வார்த்தையை மாற்றினாலும் அது கடனாகவே நிற்கும். உரு போடுவதற்கென்று அவள் வாங்கிய, கால் உருவம் அடித்த சின்னத் தகடு சாமி அலமாரியில் மஞ்சள் துணிக்குள் வருஷக்கணக்காகக் கிடக்கிறது.

“அந்தப் பக்கம் பஸ்ல போனாக்கூட மொகத்தத் திருப்பிக்குவேன். கடன வாங்கிட்டு ஒளியிறவ மாதிரி.”

“வெள்ளிக்கிழமை போறோம்” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல.

அடுத்த நாள் சாயங்காலம் இரண்டு ஜோடிப் பெடலோடும் ஷூவோடும் தாயில்பட்டியில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் குருசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.

“வாங்க மதினி. சாப்பிட்டீகளா? நேத்து ராத்திரி பூரா இவ ஒறங்கல” என்றார்.

அவர்கள் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் துடைத்துத் தயாராக நின்றது. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதிலிருந்து அதை யாரும் ஓட்டவில்லை. நான் முதலில் இரும்புப் பெடலை எடுத்து நீட்டினேன். அது உறுதியானது. தவிரவும் உண்மையைச் சொன்னால், அதைத்தான் தள்ளிவிடுவதாக வழியெல்லாம் முடிவு செய்திருந்தேன். மாரி கறுப்பு ஷூவின் அடியை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“இது வேணாம்டி.”

“கம்பெனிக்குள்ளயா போட்டுட்டுப் போகப்போற? ரோட்டுலதானே?”

“எங்கயும் வேணாம். இரும்பக் கால்ல கட்டிக்கிட்டு என்னால ரோட்டுல ஊண முடியாது. ஒடம்பு கூசுது. அந்த வெள்ளையக் குடு.”

வாட்ச்மேன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை ஷூவைப் போட்டுப் பார்த்தாள். பள்ளியில் நாங்கள் செருப்பு மாற்றிப் போட்டுக்கொள்வோம், இரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கால். இடது பாதம் சுருங்கியதால் முன்னால் இடம் மிச்சமிருந்தது. பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திணித்தோம். கட்டை அகலமாக இருந்ததால் தழும்பில் எங்கேயும் உறுத்தவும் இல்லை. நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பெடல் தேர்வை அவள் ஒரு சுண்டு சுண்டி முடித்துவிட்டாள்.

சைக்கிளில் இடது பெடலுக்குத் திருகு எதிர்ப்பக்கம் இருக்கும். வலது பெடலைக் கொண்டுபோய் இடது பக்கம் மாட்ட முடியாது. குருசாமி துருப்பிடித்திருந்த பழைய இடது பெடலுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றி, என் அப்பளத்தை மாட்டினார். வலது பக்கம் பழைய ரப்பர் பெடலே இருந்தது, அந்தக் கால்தான் நன்றாக இருக்கிறதே. பூட்டும் ஸ்பிரிங்கை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினேன். ஆனால் இந்த வகைப் பெடல் தலைகீழாகத் தொங்கும், விரல் நுனியால் நிமிர்த்தி மாட்ட வேண்டும். மாரியின் விரலுக்கு அது தெரியாது. ஆகவே ஒருவர் கீழே உட்கார்ந்து, பெடலைப் பிடித்து, அவள் காலை வைத்து அழுத்திவிட வேண்டும். நான் செய்து காட்டினேன். ‘டக்’.

குருசாமி குனிந்து பார்த்தார். “அட, கேஸ் ரெகுலேட்டரு மாதிரிதான.”

அடுத்த தடவை அவரே மாட்டினார்.

“கேட்டுக்கோ மாரி” என்றேன். “நிக்கிறப்ப வலது காலத்தான் ஊணணும். எடது காலக் கழத்தவே நெனைக்காத.”

ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தாள். பிறகு தெருவில். முதல் சுற்றில் பதற்றத்தில் இடது பக்கம் சாய்ந்து, அடுப்பெரிக்கக் குவித்திருந்த பருத்திக் குச்சி மேல் போய் விழுந்தாள். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கும்போது குப்புறக் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். “பாருடி, விழுந்தும் விடல” என்றாள். கால் பெடலிலேயே இருந்தது. இருட்டுவதற்குள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. மாரி மஞ்சள் சேலை, இடது காலில் வெள்ளை ஷூ, வலது காலில் ரப்பர் செருப்பு. நான் வலது காலில் வெள்ளை ஷூ, இடது காலில் கறுப்பு ஷூ. என் சைக்கிளில் வலது பக்கம் கார்பன், இடது பக்கம் இரும்பு. பருத்திச் சுடிதார்தான் போட்டிருந்தேன், வாட்ச்மேனுக்குப் பயந்து. குருசாமி பின்னால் ஆட்டோவில் வருவதாகச் சொன்னார்.

“நீங்க வந்தா, ஏறிக்கோன்னு சொல்லுவீக. நானும் ஏறிருவேன். வேணாம்” என்று மாரி அவரை நிறுத்திவிட்டாள்.

சாத்தூர்ச் சாலையில் காலை வெயில் இதமாக இருந்தது. வழி நெடுக வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கம்பெனி அறைகள், கருவேலங்காடு, அறுத்துக் கிடந்த சோளக்காடு. தைவான் மலையில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தவள் நான். இங்கே மாரியின் வேகத்துக்கு எனக்குப் பிரேக்கில்தான் கை. அவளோ முன்சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தோள் இறங்கியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பேச ஆரம்பித்தாள். பள்ளியில் எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் நிற்கவைத்த பி.டி. டீச்சரைப் பற்றித் தொடங்கி, சாத்தூர் வருவதற்குள் அந்த வகுப்பில் ஒருத்தியை விடாமல் வம்பு பேசி முடித்தோம். நான் அத்தனை சந்தோஷமாக இருந்து பல வருஷமாகிறது.

சாத்தூரில் இட்லி சாப்பிட்டோம். மடியில் கட்டிக்கொள்ளக் காரச்சேவு வாங்கினோம். கிளம்பும்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நான் தரையில் மண்டி போட்டு, மாரியின் காலைப் பிடித்துப் பெடலில் வைத்தேன். நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பொம்பள எதுக்கு நடுரோட்டுல கால்ல விழுது?” என்றாள் ஒருத்தி.

“மருமகளாயிருக்கும்” என்றாள் மற்றவள். “வாய் நீண்டிருக்கும். இப்ப மன்னிப்புக் கேக்குது.”

மாரிக்குச் சிரிப்பில் ஹேண்டில் ஆடியது. “நல்லாக் கேளு மருமகளே” என்று மிதித்தாள்.

இருக்கன்குடி நெருங்க நெருங்கப் பாதயாத்திரைக் கூட்டம். தீச்சட்டிக்காரர்கள், வேப்பிலை, மொட்டையடித்த குழந்தைகள், மைக் கட்டிய வண்டி. கோபுரம் தெரிந்ததும் மாரி பேச்சை நிறுத்தினாள். அவள் முகம் என்னமோ போல ஆனது. அப்போது ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. மாரி பிரேக் பிடித்தாள். வழக்கமாக எல்லோரும் ஊன்றுகிற இடது காலை ஊன்றப் பார்த்தாள். அது வரவில்லை. சைக்கிளோடு அப்படியே சாய்ந்தாள்.

மஞ்சள் சேலைக் கூட்டம் ஒன்று ஓடிவந்து அவள் தோளைத் தாங்கிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆனால் அவள் முகம் செத்துவிட்டது.

“போச்சுடி ராஜி. மிதிச்சே வாரேன்னு சொன்னேன். விழுந்துட்டேனே.”

காலைப் பூட்டிலிருந்து விடுவிக்கக் குனிந்த நான், கையை எடுத்துக்கொண்டேன். சாத்தூரில் நாங்களாக இறங்கியது வேறு, விழுந்த இடத்தில் விடுவித்தால் தோற்று இறங்கியதாக ஆகிவிடும்.  கூட்டத்தில் தீச்சட்டி ஏந்தியிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். “ஏன் தாயி அழுகுற? கால் இன்னும் சைக்கிள்ல தானே இருக்கு? எறங்கலேல்ல? அப்படியே தூக்கி நிறுத்துங்கடி.”

நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிளையும் அதன் மேல் மாரியையும் ஒன்றாகத் தூக்கி நிறுத்தினார்கள். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். மாரி மூக்கை உறிஞ்சிவிட்டு மிதித்தாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. கோயிலுக்கு முன்னால், இதற்கு மேல் சைக்கிள் போகக்கூடாது என்று போலீஸ்காரர் கைகாட்டிய இடத்தில், வலது காலை ஊன்றி நின்றாள்.

அங்கே தரையில் உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு உள்ளே போனோம். சந்நிதியில் மஞ்சள் துணியைப் பிரித்து, வருஷக்கணக்காய் வைத்திருந்த அந்தக் காலை உண்டியலில் போட்டாள். சத்தமே கேட்கவில்லை. அவ்வளவு எடை குறைவு.

சிங்கப்பூர் கிளம்புவதற்கு முந்தின நாள் விடைபெறப் போனேன். மாரி ஸ்பேனரும் கையுமாக நின்றாள்.

“கழத்திக்கோடி. வேண்டுதல் முடிஞ்சிருச்சு. ஒனக்கு மலையேறணும்ல?”

நான் அவளைப் பார்த்தேன். சேலை முழங்காலுக்குக் கீழே ஈரமாக இருந்தது, சக்கரத்தில் புழுதியோடு சைக்கிள் பின்னால் நின்றது. குருசாமிதான் போட்டுக்கொடுத்தார். “காலையில சேவுக்கடைக்குப் போயிட்டு வாரேன்னு கெளம்பினா மதினி. நாந்தான் மாட்டிவிட்டேன். சேவு வாங்க வெம்பக்கோட்டை அணை வரைக்கும் யாராச்சும் போவாகளா?”

மாரி தரையைப் பார்த்தாள். “காத்து நல்லா இருந்துச்சு” என்றாள், பதினாறு வயதில் டீச்சரிடம் மாட்டிக்கொண்ட அதே முகத்தோடு.

ஸ்பேனரை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

தைவானுக்கு இரண்டு காலிலும் இரண்டு நிறத்தில்தான் போகப்போகிறேன். குழுவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மதுரை விமான நிலையத்தில், சோதனைப் பெட்டியிலிருந்து என் கைப்பை வெளியே வந்ததும் அதிகாரி ஓரமாக எடுத்து வைத்தார். காரச்சேவுப் பொட்டலங்களுக்கு நடுவிலிருந்து வலது வெள்ளை ஷூவை வெளியே எடுத்தார். மறுபடி கையை விட்டுத் தேடினார்.

“இன்னொரு ஷூ எங்க மேடம்?”

“தாயில்பட்டியில.”

“மறந்து விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“இல்ல சார்” என்றேன். “அது அங்கன ஓடிக்கிட்டு இருக்கு.”